ஓஇடிக்கு எந்த மெட்டீரியல் வாங்கணும் என்று கேட்பவர்களுக்கு

ஓஇடி என்பது மருத்துவத் துறையினர் வெளிநாட்டு வேலைக்காக எழுதும் ஆங்கிலத் தேர்வு. அதற்கு என்ன புத்தகம் வாங்கணும் என்று வாரத்துக்கு ரெண்டு பேராவது கேட்கிறார்கள். களியக்காவிளையிலிருந்து தினமும் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறி கோச்சிங் போனவள் என்பதால் என்னிடம் எல்லாம் இருக்கும் என்று நினைப்பு. இருந்தது உண்மைதான், ஒரு அரிசிச் சாக்கு நிறைய. அதில் பாதி ஐஇஎல்டிஎஸ் என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வுக்கான புத்தகங்கள். அந்தத் தேர்வில் அகாடமிக், ஜெனரல் டிரெயினிங் என்று ரெண்டு வகை, நான் வாங்கியதில் ஒன்று ஜெனரல் டிரெயினிங். லிசனிங்கும் ஸ்பீக்கிங்கும் ரெண்டு வகைக்கும் ஒன்றுதான், ரீடிங்கும் ரைட்டிங்கும் வேறு, நர்ஸ் வேலைக்குக் கேட்பது அகாடமிக் என்பதெல்லாம் காசு கொடுத்த பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் ஓஇடிக்கு மாறினேன். தெரிந்த சேச்சி ஒருத்தர் ஜெராக்ஸ் கட்டு ஒன்றைக் கொடுத்தார். எல்லாக் கேள்விக்கும் பென்சிலில் விடை. ஒரு சாயங்காலம் முழுக்க ரப்பர் வைத்து அழித்தேன், மேசையெல்லாம் துகள். ஆனாலும் தாளைச் சாய்த்துப் பிடித்தால் அழுத்தி எழுதிய தடம் தெரியும், கண் அங்கேதான் போகும். ஓரத்தில் மலையாளத்தில் 'ஸ்ரத்திக்கணம்' (கவனிக்கணும்) என்று எழுதி அடிக்கோடு வேறு. (பஸ் போர்டு படித்தே மலையாள எழுத்து வந்துவிட்ட ஊர்க்காரி நான், அதனால் அதுவும் புரிந்து தொலைத்தது.)

சரி, உருப்படியாக உதவியது எது? ஓஇடி தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் மாதிரித் தேர்வுகள்தான். லிசனிங்கில் 42 கேள்வி, ஆடியோ ஒரே தடவைதான் ஓடும். அதில் 24, நோயாளி பேசுவதைக் கேட்டு நிரப்ப வேண்டிய கோடிட்ட இடங்கள். முதலில் தேர்வு மாதிரி எழுதினேன், பிறகு பேச்சின் எழுத்து வடிவத்தை வைத்துக்கொண்டு வரி வரியாகத் திரும்பக் கேட்டேன். 'ஆஃப் மை ஃபுட்' என்று காதில் விழுந்தபோது ஏதோ ஒத்துக்காததைச் சாப்பிட்டுவிட்டார் என்று எழுதியிருந்தேன். சாப்பிடவே பிடிக்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். பத்து புதுத் தேர்வு எழுதியிருந்தாலும் அது பிடிபட்டிருக்காது.

ரைட்டிங்கில்தான் எனக்கு முதல் தடவை அடி. 290. பிரிட்டன் நர்சிங் கவுன்சில் ரைட்டிங்குக்குக் கேட்பது 300, மற்ற மூன்றுக்கும் 350. கேஸ் நோட்ஸ் என்று தரும் நோயாளி பற்றிய குறிப்புகளைப் படிக்க 5 நிமிடம், அதை வைத்துக் கடிதம் எழுத 40 நிமிடம், 180லிருந்து 200 சொல் போதும். நானோ அந்த நோயாளிக்குச் சின்ன வயதில் எடுத்த அப்பெண்டிக்ஸ் வரை ஒன்று விடாமல் எழுதி வைத்தேன். வார்டில் டியூட்டி மாறும்போது பேஷண்டின் பூர்வீகத்தையா சொல்கிறோம்? அடுத்த ஷிஃப்ட்காரிக்கு வேண்டியதைத்தானே? கடிதம் யாருக்குப் போகிறது என்று முதலில் பார்த்துவிட்டு நோட்ஸில் வேண்டாததை அடித்துப் பழகினேன். ரெண்டாம் தடவை 340.

ஸ்பீக்கிங்குக்கு மெட்டீரியலே வேண்டாம், கூட வேலை செய்கிற ஒருத்தி நோயாளியாக நடித்தால் போதும்.

அந்த ஜெராக்ஸ் கட்டு இப்போது பாறசாலையில் ஒரு பிள்ளையிடம் இருக்கிறது. விடையைத் தனித்தாளில் எழுதுடி என்று சொல்லித்தான் கொடுத்தேன், கேட்டாளா தெரியாது.