குடியுரிமைத் தேர்வில் மனப்பாடம் கைகொடுக்காத இடம்

2022-இல் நியூ ஜெர்சியில் அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். கிரீன் கார்டு பெற்று ஐந்தாண்டுகள் நிறைவதற்கு 90 நாட்கள் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால், என்-400 படிவத்தை இணையத்தில் நிரப்பி, கைரேகைக் கட்டணத்தையும் சேர்த்து 725 டாலர் செலுத்தினேன். ஐந்தாண்டு வெளிநாட்டுப் பயணங்களைத் தேதிவாரியாகக் கேட்கும் பகுதிதான் என்னை அலைக்கழித்தது. பாஸ்போர்ட் முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதியும், உறவினர் திருமணத்துக்காகச் சென்னை சென்று வந்த ஒரு வாரம் விடுபட்டுப்போனது. அதை நேர்காணலில் நானே சொல்லித் திருத்திக்கொண்டேன்.

அப்போது தேர்வுக்கு உரிய கேள்விகள் 100. நேர்காணலில் பத்து வரை கேட்பார்கள், ஆறுக்குச் சரியான விடை சொன்னால் போதும். (2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்விகள், இருபதில் பன்னிரண்டு சரியாக இருக்க வேண்டும்.) செனட்டில் 100 பேர், ஆறாண்டுப் பதவிக்காலம், பிரதிநிதிகள் அவையில் 435 பேர், இரண்டாண்டு, அரசியலமைப்புக்கு 27 திருத்தங்கள் என்று எண்களை இரண்டே மாலைகளில் மனப்பாடம் செய்துவிட்டேன். நம் ஊர்ப் பள்ளிக்கூடம் கற்றுத் தந்த வித்தை அது.

மூன்றாம் நாள் இரவு உணவின்போது மகள் கேட்டாள்: "அப்பா, ஃபெடரல் சட்டங்களை இயற்றுவது யார்?" யோசிக்காமல், "அதிபரும் அவருடைய அமைச்சரவையும்" என்றேன். "தப்புப்பா, காங்கிரஸ்" என்று அவள் கேள்வி அட்டையைத் திருப்பிக் காட்டினாள். செனட்டும் பிரதிநிதிகள் அவையும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெயர் அது. விடை எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் ஆளுங்கட்சி மசோதா கொண்டுவந்தால் அது சட்டமாகிவிடும் என்ற பழக்கம் எனக்குள் நாற்பதாண்டுகளாக ஊறிக் கிடந்தது.

இந்தியாவில் பிரதமரும் அமைச்சர்களும் நாடாளுமன்றத்திலிருந்தே வருகிறார்கள். அதன் நம்பிக்கையை இழந்தால் வீட்டுக்குப் போகிறார்கள். 1999 ஏப்ரலில் அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டபின் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் கவிழ்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவன் நான். அமெரிக்காவில் அமைச்சரவைப் பொறுப்பில் இருப்பவர் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கவே கூடாது; தன் மசோதா தோற்றாலும் அதிபர் பதவியில் நீடிப்பார். 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாட்கள் ஒன்றிய அரசின் பல அலுவலகங்கள் மூடிக் கிடந்தபோது, எல்லைச் சுவருக்கான நிதியில் அதிபரும் காங்கிரஸும் முட்டிக்கொண்டு நின்றார்களே தவிர, யாரும் யாரையும் வீழ்த்தவில்லை. "அரசு கவிழ்ந்தது" என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்வதற்கு இங்கே பொருளே இல்லை, ஏனெனில் இவர்கள் அரசு என்று சொல்லும்போது காங்கிரஸும் நீதிமன்றங்களும் அதில் அடங்கிவிடுகின்றன. இது விளங்கிய பிறகுதான், அரசின் ஒரு பிரிவு மிதமிஞ்சிய அதிகாரம் பெறாமல் தடுப்பது எது என்ற தேர்வுக் கேள்வி எனக்குக் கேள்வியாகவே தெரிந்தது. இந்த அதிகாரப் பிரிவினை முழுமையானது என்றும் சொல்ல முடியாது: நான் படித்துக்கொண்டிருந்த மாதங்களில் செனட் ஐம்பதுக்கு ஐம்பது என்று பிளந்திருந்தது; வாக்குகள் சமமானபோது முடிவு செய்தவர், அந்த அவையின் உறுப்பினரே அல்லாத துணை அதிபர் கமலா ஹாரிஸ்.

மாநில அதிகாரங்களிலும் இதே குழப்பம்தான். அரசியலமைப்பின் பட்டியல்களில் இடம்பெறாத அதிகாரங்கள் இந்தியாவில் ஒன்றியத்திடம் போய்ச் சேரும். அமெரிக்காவில் பத்தாவது திருத்தத்தின்படி, ஒன்றிய அரசுக்குத் தரப்படாதவையும் மாநிலங்களுக்கு மறுக்கப்படாதவையும் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை. ஓட்டுநர் உரிமம், பள்ளிகள், காவல் என்று அன்றாடம் நான் வரிசையில் நின்ற இடங்களில் பெரும்பாலானவை மாநிலத்தைச் சேர்ந்தவை என்பதை இத்தனை ஆண்டுகள் கவனிக்காமலே இருந்திருக்கிறேன்.

நேர்காணல் அரைமணி நேரத்தில் முடிந்தது. ஒரு வாக்கியத்தைப் படிக்கச் சொன்னார்கள், ஒன்றை எழுதச் சொன்னார்கள். முதல் ஆறு விடைகளும் சரியாக அமைந்ததால் அதிகாரி அத்தோடு நிறுத்திக்கொண்டார். நான் ஆசையாகத் தயாரித்திருந்த பத்தாவது திருத்தத்தை அவர் கேட்கவே இல்லை.

உறுதிமொழி எடுத்த நாளில், இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் இனி ஒப்படைக்க வேண்டிய பாஸ்போர்ட் சட்டைப்பையில் கனத்தது. வெளியே வரும் வழியில் மேசையொன்றில் வாக்காளர் பதிவுப் படிவங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். இந்தியத் தேர்தல் ஆணையம் போல ஒரே அமைப்பின் பெயரை எதிர்பார்த்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். படிவம் நியூ ஜெர்சி மாநிலத்தினுடையது. நிரப்பி அனுப்ப வேண்டிய இடம், மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற என் கவுண்டியின் அலுவலகம்.