பார்வை 5-ல் காணும் கடிதம்

ஏதாவது ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில், மேலிருந்து வந்த கடைசிக் கடிதத்தை எடுத்து அதன் "பார்வை"ப் பகுதியை, அதாவது முந்தைய கடிதங்களின் பட்டியலை, எண்ணிப் பாருங்கள். துறைச் செயலாளர் கடிதம், ஆணையர் கடிதம், ஆட்சியர் கடிதம், கோட்டாட்சியர் கடிதம், நடுவில் ஒரு நினைவூட்டு என்று ஐந்தாவது இருக்கும். அதற்குக் கீழே எல்லாருக்கும் மனப்பாடமான வாசகம்: "பார்வை 5-ல் காணும் கடிதத்தின் மீது தங்களின் கவனம் ஈர்க்கப்படுகிறது." கவனத்தை ஈர்த்தாயிற்று. என்ன செய்ய வேண்டும்? அது பார்வை 1-ல் இருக்கிறது. பார்வை 1-ன் நகல் இணைக்கப்பட்டிருக்காது.

குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராகப் புதிதாக உட்காருகிறவர்களுக்குத் தபால், தன்பதிவேடு (தமக்கு வரும் தாள்களை எண் போட்டுப் பதியும் ஏடு), வரைவு என்று தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். மேலிருந்து வந்த பழைய அறிவுரைகளில் எது இன்னும் அமலில் இருக்கிறது, எது காலாவதியானது என்று கண்டுபிடிப்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. அலுவலகத்தில் பாதி வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் வடிவங்கள். அரசாணை ஆளுநரின் பெயரால் வருவது. கடைசியில் "ஆளுநரின் ஆணைப்படி" என்று இருப்பதற்கு அரசியலமைப்பின் 166-ஆவது கூறுதான் காரணம். அரசாணையை மேற்கோள் காட்டும்போது எண்ணை மட்டும் எழுதுவது பெரும் பிழை. ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் 1-லிருந்து எண்ணைத் தொடங்குகிறது. அதிலும் (நிலை), (வாலாயம்), (டி) என்று தனித்தனி வரிசைகள். "அரசாணை எண் 40" என்று எழுதினால் ஒரே ஆண்டில் பத்து அரசாணைகள் அந்த எண்ணில் நிற்கும். வகை, எண், துறை, பிரிவு, நாள் என ஐந்தும் இருந்தால்தான் அது மேற்கோள்.

குறிப்பாணை மேலிருந்து கீழே மட்டும் போகும். சுற்றறிக்கை ஒரே அறிவுரையைப் பலருக்குச் சொல்வது. செயல்முறைகள் என்பது அலுவலகத் தலைவர் தன் அதிகாரத்தில் பிறப்பிக்கும் ஆணை: பணி நியமனம், ஊதிய உயர்வு, ஒப்பளிப்பு போன்றவை. அலுவல்சாராக் குறிப்பு துறைகளுக்கிடையே கருத்துக் கேட்கப் போகிற தாள். அதைக் கொண்டு வெளியாருக்கு எதையும் மறுக்க முடியாது. நேர்முகக் கடிதம் பெயர் சொல்லி, "அன்புள்ள" போட்டு எழுதுவது. அவசரத்தை உணர்த்த உதவும், ஆணைக்கு ஈடாகாது. ஆனால் ஒரு நேர்முகக் கடிதத்தை மட்டும் பார்வையில் காட்டி ஒருவருடைய படியை நிறுத்தி வைக்கிற கோப்புகளும் உண்டு. அது நீதிமன்றத்துக்குப் போனால் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

இதில் இறங்குவரிசை முக்கியம். சட்டம், அதன்கீழ் விதிகள், பிறகு அரசாணை, பிறகு அரசுக் கடிதம், கடைசியில் துறைத் தலைவரின் சுற்றறிக்கை. விதியில் இல்லாத இடைவெளியைச் சுற்றறிக்கை நிரப்பலாம். விதியில் இருப்பதை மாற்ற முடியாது. 1967-ல் சந்த் ராம் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். "தெளிவுரை" என்ற பெயரில் வருகிற கடிதங்களை இந்தக் கண்ணோடு படியுங்கள். விதி "மூன்று ஆண்டு" என்கிறபோது தெளிவுரை "ஐந்து ஆண்டு" என்றால், அதை அப்படியே நடைமுறைப்படுத்தாமல், முரண்பாட்டைக் குறிப்பில் எழுதி மேலே அனுப்புவதுதான் உங்களைக் காப்பாற்றும்.

தபால் மேசையில்

வருகிற எதற்கும் முதல் வேலை தேதி முத்திரை. மின்னஞ்சலில் வந்ததை அச்செடுத்தாலும் முத்திரை வேண்டும். மின்னஞ்சல் வந்த நேரம் அச்சில் தெரிகிறது என்று விட்டுவிடக் கூடாது. நீதிமன்ற ஆணையாக இருந்தால் இந்த முத்திரைக்குத் தனி எடை. நிறைவேற்றக் கொடுத்த கெடு பெரும்பாலும் "ஆணை நகல் கிடைத்த நாளிலிருந்து" என்றுதான் ஓடும். நான்கு வாரம் என்று நீதிமன்றம் சொன்னது உங்கள் தபால் மேசையில் எந்த நாளில் தொடங்கியது என்பதற்கு அந்த வட்ட முத்திரை ஒன்றே சாட்சி. இணைப்புகளை எண்ணி, "இணைப்பு: 3, வந்தது: 2" என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பத்து நாள் கழித்து "இணைப்பு பெறப்படவில்லை" என்று எழுதுகிற கடிதத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

பகிர்மானம் முடிந்து உங்கள் பிரிவுக்கு வந்ததும் தன்பதிவேடு. இங்கே புதியவர்கள் செய்கிற தவறு, வருகிற ஒவ்வொரு தாளுக்கும் புது ந.க.எண் (கோப்பு எண்) போடுவது. ஜனவரியில் ஓர் அறிவுரை வருகிறது, 4127/அ3 என்று எண் போடுகிறீர்கள் என்று வையுங்கள். மார்ச்சில் அதற்கு நினைவூட்டு வருகிறது. அதற்கு 5290/அ3. மே மாதம் திருத்தம் வருகிறது, அதற்கு வேறொன்று. ஆகஸ்டில் ஒரே பொருளுக்கு மூன்று கோப்பு, மூன்றிலும் மூன்று விதமான நிலை. நினைவூட்டும் திருத்தமும் முதல் எண்ணுக்குள்தான் போக வேண்டும். புது எண் போடுவதற்கு முன் பொருளின் முதல் சொல்லை வைத்து நிலுவைப் பட்டியலைத் தேடுங்கள். இரண்டு நிமிட வேலை.

அதனால்தான் பொருள் வரியைப் பெரியதிலிருந்து சிறியதற்குக் கோடு போட்டுக் கட்டுகிறோம்: "சான்றிதழ்கள் – சாதிச் சான்று – நிலுவை விண்ணப்பங்கள் – அறிக்கை கோருதல் – தொடர்பாக." அட்டவணை முதல் சொல்லில்தான் நிற்கும். "அவசரம் – அறிக்கை" என்று தொடங்கினால் அது எந்த எழுத்தின் கீழும் கிடைக்காது.

வரைவு

இந்த வாசகத்தைப் பாருங்கள்:

"மேற்காண் பொருள் தொடர்பாக அனைத்து வட்டாட்சியர்களும் உரிய நடவடிக்கை மேற்கொண்டு அறிக்கையினை விரைந்து அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

மரியாதைக்குக் குறைவில்லை. உரிய நடவடிக்கை எது, எந்த நாள் நிலவரம், எந்தப் படிவம், விரைந்து என்றால் எப்போது, எந்தப் பிரிவுக்கு என்ற ஐந்துக்கும் பதில் இல்லை. பத்து வட்டங்களிலிருந்து பத்து விதமான அறிக்கை வரும். அவற்றைத் தொகுக்க முடியாமல் மீண்டும் ஒரு கடிதம் எழுதுவீர்கள். அதையே இப்படி எழுதலாம்:

"30.6.2025 நிலவரப்படி 30 நாளுக்கு மேல் நிலுவையில் உள்ள சாதிச் சான்று விண்ணப்பங்களின் எண்ணிக்கையைக் கிராம வாரியாக இணைப்புப் படிவத்தில் 7.7.2025 மாலை 5 மணிக்குள் அ3 பிரிவுக்கு அனுப்ப வேண்டும். நிலுவை இல்லையெனில் இன்மை அறிக்கை அனுப்ப வேண்டும்."

இன்மை அறிக்கையை விட்டுவிடாதீர்கள். அது கேட்கப்படாவிட்டால், பதில் அனுப்பாத வட்டத்தில் நிலுவை இல்லையா, அல்லது கடிதமே படிக்கப்படவில்லையா என்று உங்களுக்குத் தெரியாது.

கெடு விஷயத்தில் ஒரு கணக்கு. செயலாளர் 15-ஆம் தேதி என்று கேட்கிறார். ஆணையர் அலுவலகத்தில் மூன்று நாள், ஆட்சியர் அலுவலகத்தில் மூன்று நாள், கோட்டத்தில் இரண்டு நாள். ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு முகப்புக் கடிதம் மட்டும் சேர்கிறது, அதே "15" நகலெடுக்கப்படுகிறது. கிராம நிர்வாக அலுவலர் கைக்கு அது 14 மாலை போகும். அவர் போன ஆண்டு எண்ணிக்கையைக் கொஞ்சம் மாற்றிக் கொடுப்பார். பொய்யான புள்ளிவிவரம் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உங்கள் மட்டத்தில் தொகுக்க எத்தனை நாள் வேண்டும் என்று பின்னோக்கி எண்ணி, கீழே உள்ளவர்களுக்குத் தனிக் கெடு கொடுங்கள். மூலக் கடிதத்தை இணையுங்கள். பார்வையில் மூலக் கடிதமும் உங்களுக்கு நேர் மேலே உள்ள அலுவலகத்தின் கடிதமும் போதும்; நடுவில் இருப்பவை கோப்பில் இருந்தால் சரி.

எழுத்துரு இன்னொரு தலைவலி. 2010-லேயே யூனிகோடை அரசு ஏற்றுக்கொண்டது. இருந்தும் பழைய வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த படிவங்கள் இன்றும் சுற்றுகின்றன. அதை எக்செலில் ஒட்டி அனுப்பினால், எதிர்முனைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அதைவிட மோசம், யூனிகோடில் ஒரு கிராமப் பெயரும் வானவில்லில் அதே பெயரும் இருந்தால் தொகுப்பில் இரண்டு கிராமமாக எண்ணப்படும். படிவத்தை யூனிகோடில் அனுப்பி, கிராமத்துக்கு எண் குறியீட்டு நிரல் (நெடுவரிசை) ஒன்றும் வையுங்கள்.

எது உயிரோடிருக்கிறது

இதற்கு ஸ்டாக் ஃபைல் ஒன்றே மருந்து. பொருள் வாரியாக, தேதி வரிசையில், நிலையான அறிவுரைகளின் நகல்கள். முகப்பில் அட்டவணை: வரிசை எண், ஆணை விவரம், ஒரு வரிச் சுருக்கம், கடைசி நிரலில் "இன்றைய நிலை". அந்தக் கடைசி நிரல் இல்லாத ஸ்டாக் ஃபைல் வெறும் காகிதக் கட்டு.

புதிய சுற்றறிக்கை வரும்போது அது பழையதை என்ன செய்கிறது என்று பாருங்கள். மூன்றில் ஒன்றாக இருக்கும்: முழுதும் இரத்து, ஒரு பகுதியை மட்டும் திருத்தல், அல்லது தெளிவுபடுத்தல். பழைய நகலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் "பத்தி 4 மட்டும், இன்ன எண், இன்ன நாளிட்ட சுற்றறிக்கையால் திருத்தப்பட்டது" என்று எழுதுங்கள். புதியதிலும் பழையதின் எண்ணைக் குறியுங்கள். இரு பக்கமும் குறித்தால்தான் எதை எடுத்தாலும் மற்றது கிடைக்கும். இரத்தானதைக் கிழித்தெறிய வேண்டாம். அது அமலில் இருந்த காலத்தில் நடந்த விஷயத்துக்கு நாளை தணிக்கை கேள்வி கேட்கும்.

வரைவு எழுதுகிற பக்கத்தில் இருந்தால், "இச்சுற்றறிக்கைக்கு முரணான முந்தைய அறிவுரைகள் அனைத்தும் செல்லாது" என்று எழுதித் தப்பிக்காதீர்கள். எது முரண் என்று யார் முடிவு செய்வது? நாற்பது வட்டாட்சியர்கள் நாற்பது விதமாகச் செய்வார்கள். எண்ணும் நாளும் சொல்லி இரத்து செய்யுங்கள். அமலுக்கு வரும் நாளையும், ஏற்கெனவே நிலுவையில் உள்ள மனுக்களுக்குப் பழைய முறையா புதிய முறையா என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். விடுபட்டுப் போகிறவற்றில் முதலிடம் இந்தக் கடைசி வரிக்குத்தான்.

வாட்ஸ்அப் குழுவில் வரும் அறிவுரை? வேலையைத் தொடங்குங்கள், ஆனால் அன்றே குறிப்புக் கோப்பில் யார், எப்போது, என்ன சொன்னார் என்று எழுதி ஒப்புதலுக்கு வையுங்கள். வாய்மொழி ஆணையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2013-ல் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. திரையைப் படமெடுத்து வைப்பது மட்டும் போதாது. குழுவில் செய்தியை நீக்கிவிடலாம், கைப்பேசி மாறலாம்.

இ-ஆபீஸ் என்ற மின்கோப்பு மென்பொருளில் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நினைத்தார்கள். பாதிதான் தீர்ந்தது. பச்சைக் குறிப்பு அனுப்பியபின் மாற்ற முடியாது. மஞ்சள் குறிப்பு திருத்தவும் நீக்கவும் கூடியது. மஞ்சளில் எழுதி, உறுதிசெய்யாமல் விட்டுவிட்டு, "நான் அப்போதே எழுதினேனே" என்று சொல்வதில் அர்த்தமில்லை. கோப்பில் சேர்க்காமல் வரவுப் பெட்டியிலேயே விட்ட தபால், கோப்பு நிலுவைக் கணக்கில் தெரியாது. பட்டியல் சுத்தமாக இருக்கும், பெட்டியில் இருநூறு கிடக்கும். காகிதக் கோப்பும் மின்கோப்பும் ஒரே பொருளுக்கு இணையாக ஓடினால், இரண்டு எண்ணையும் இரண்டிலும் எழுதுங்கள்.

குறிப்புக் கோப்பும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கப்படக் கூடியதே என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள். 30 நாளில் பதில். உங்கள் அலுவலகத்துக்கு உரியதில்லை என்றால் 5 நாளுக்குள் உரியவருக்கு மாற்றம்.

கடைசியாக, கோப்பை முடிக்கும்போது அதை எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்று போடும் முடிவுக் குறி. ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரம். சுற்றறிக்கை வந்து, கீழே அனுப்பி, அறிக்கையும் வந்துவிட்டது என்று மூ.மு. போட்டுப் பதிவறைக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்றாண்டு கழித்துப் பதிவறைக்காரர் விதிப்படி அழித்துவிடுவார். அறிவுரை அமலில் இருக்கும், மூலம் இருக்காது. முடிவு எண் போடும் முன் ஸ்டாக் ஃபைலில் நகல் ஏறியதா என்று பார்த்து, ஏறிய வரிசை எண்ணைக் குறிப்பின் கடைசி வரியில் எழுதுங்கள். இடமாறுதலில் பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் பீரோ சாவிக்கும் தன்பதிவேட்டுக்கும் அடுத்து ஸ்டாக் ஃபைலையும் பக்க எண்ணோடு சேருங்கள்.