சிவப்புக் காயும் சந்தாவும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் ஒரே ஒரு கரம் (கேரம்) பலகைதான் இருந்தது. ஆடி மழை விடாது பெய்யும் மாலைகளில் அதைச் சுற்றிப் பத்துப் பேராவது நிற்போம். பலகையின் நடுவிலிருக்கும் சிவப்புக் காய்க்கு மூன்று புள்ளிகள்தாம்; அவையும் அந்தச் சுற்றில் வெல்பவருக்கே சேரும். அதை விழுத்தியவர் தொடர்ந்து தம் காயொன்றையும் விழுத்தாவிட்டால் அது மறுபடி நடுவுக்கு வந்துவிடும். இவ்வளவும் தெரிந்திருந்தும், எதிராளி அதன்மேல் கண்வைத்த கணத்தில் என் ஒன்பது காய்களும் எனக்கு மறந்துபோகும். என்னை வழக்கமாகத் தோற்கடிக்கும் மாமா ஒருவர், தமக்குத் தேவையே இல்லாதபோதும் சிவப்பைக் குறிபார்ப்பவர்போல ஸ்ட்ரைக்கரை நகர்த்துவார். நான் பதறி அதை அடித்துச் சிதறவிட்டு, அவருடைய காய்களுக்கு வழி திறந்துவிடுவேன். "ஒனக்குச் சிவப்பு மேல ஆசை இல்ல தம்பி, எனக்குக் கெடைச்சிருமோங்கிற பயந்தான்" என்பார்.

இலங்கை மலையகத் தொழிற்சங்க வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்தப் பேச்சே நினைவுக்கு வருகிறது. 1947 தேர்தலில் தோட்ட மக்களின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றபோது, நுவரெலியாவில் தெரிவான சௌமியமூர்த்தி தொண்டமானும் அப்துல் அஸீஸும் ஒரே அணியில்தான் நின்றனர். 1948 குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்ட மக்களின் வாக்குரிமையைப் பறித்தபின், ஒரு தலைவரின் பலத்தை அளக்கச் சங்கத்துக்குச் சந்தா கட்டும் அங்கத்தவர் தொகையைத் தவிர வேறு அளவுகோல் மிஞ்சவில்லை. 1950களின் நடுப்பகுதியில் அஸீஸ் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் என்ற தனிச் சங்கத்தைத் தொடங்கினார். இருவருக்குமிடையே கொள்கை வேறுபாடு இல்லாமலில்லை. ஆனால் குடியுரிமையையும் கூலியையும் இருவருமே கேட்டுக்கொண்டிருந்தபோது, பிளவைத் தலைமைப் பதவியின் மீதான விருப்பத்தை ஒதுக்கிவிட்டு விளக்க என்னால் முடியவில்லை.

தோட்டத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஏதோவொரு சங்கத்தில் இருந்த நிலையில், புதிய அங்கத்தவரை அடுத்த சங்கத்திலிருந்துதான் பிடிக்க வேண்டியிருந்தது. வேலைத்தலத்தில் 40 சதவீதத்துக்குக் குறையாத அங்கத்தவரைக் கொண்ட சங்கத்துடன் தொழில்தருநர் பேச மறுக்கக்கூடாது என்ற 1999ஆம் ஆண்டுத் திருத்தம் தொழிலாளருக்குப் பாதுகாப்பாகவே வந்தது. எனினும் 38 சதவீதத்தில் நிற்கும் சங்கத்துக்குத் துரையைவிட, அதாவது தோட்ட நிர்வாகியைவிட, பக்கத்து லயத்திலுள்ள (தொழிலாளர் வரிசை வீடுகளிலுள்ள) மற்றச் சங்கக்காரரே பெரிதாகத் தெரிவார் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்தார்களோ என்னவோ.

1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்திலும் இதே சுபாவம் உண்டு. தரகர் முன்கூட்டியே ஒரு மதிப்பைச் சொல்லியிருப்பார். ஆனால் ஒரே தேயிலைக்கு இருவர் பிடிவாதமாக நின்றால் விலை அந்த மதிப்பைத் தாண்டிவிடும். ஆதலால் தேர்ந்த கொள்வனவாளர் தம் ஆர்வத்தைக் கடைசிவரை மறைப்பார். மாமா செய்ததற்கு இது நேர்மாறு: அவர் இல்லாத ஆசையைக் காட்டினார், இவர் இருக்கும் ஆசையை ஒளிக்கிறார்.

மாமாவும் பல வருடங்கள் ஒரு சங்கத்தின் தோட்டத் தலைவராக இருந்தவர்தாம். துரையோடு சண்டையிட்ட நாட்கள் அதிகமா, மற்றச் சங்கத்தோடு சண்டையிட்ட நாட்கள் அதிகமா என்று ஒருநாள் கேட்டேன். அவர் பலகையில் பவுடரைத் தூவி, உள்ளங்கையால் மெதுவாகத் தேய்த்துவிட்டு, ஸ்ட்ரைக்கரை என் பக்கம் தள்ளினார்.

"நீ அடி" என்றார்.