தெரியல மிஸ்

செப்டம்பர் 4

நாற்காலி விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முன்பெஞ்சுப் பையனுக்கு நெற்றியில் வீக்கம். நாற்காலியைத் தூக்கிப் போட்டவனைக் கேட்டேன்.
"ஏன்டா இப்படிப் பண்ணினே?"
"தெரியல மிஸ்."
நாலு தடவை கேட்டேன். அதே பதில். திமிர்.
பாடம் 43-ஆம் பக்கத்தில் நின்றுவிட்டது.

செப்டம்பர் 5

பத்து நாள் சஸ்பெண்ட் என்று பேச்சு. திங்கட்கிழமை கூட்டம். அறிக்கை நான்தான் எழுத வேண்டும்.

செப்டம்பர் 7

தூக்கம் வரவில்லை. பயிற்சிக் காலத்து நோட்டைத் தேடி எடுத்தேன். உணர்வுசார் நுண்ணறிவு, உளவியலாளர்கள் மேயர், சாலவே, 1997. உணர்வைக் கண்டுகொள்வது முதல் படி, அதைக் கையாள்வது நாலாவது, கடைசி. பரீட்சைக்கு உருப்போட்டது. இத்தனை வருஷமாக நான் பிள்ளைகளிடம் கேட்டதெல்லாம் அந்த நாலாவதைத்தான்: "கோபத்தை அடக்கு."

உந்துதலைக் கட்டுப்படுத்துகிற, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும் என்றும் அதே நோட்டில் இருக்கிறது. சரி, வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்கும் அதே வயதுதானே? அவர்கள் யாரும் நாற்காலியைத் தூக்கவில்லையே.

செப்டம்பர் 8

கூட்டம் புதன்கிழமைக்குத் தள்ளிப்போய்விட்டது. 43-ஆம் பக்கத்தை இன்றும் தாண்டவில்லை.

செப்டம்பர் 9

மதியம் அவனைத் தனியாக உட்கார வைத்தேன். 'ஏன்' என்று கேட்கவில்லை. "அப்போ உடம்புல எங்கடா என்ன பண்ணுச்சு?"

அழிரப்பரை மேசையில் தேய்த்துக்கொண்டே இருந்தான். கறுப்புத் துகளாக உதிர்ந்தது.

"காது சூடாச்சு."
"கோபமா?"
"இல்ல."
ரொம்ப நேரம் கழித்து, "அவன் சிரிச்சான் மிஸ். நான் வாசிக்கிறதைப் பார்த்து. வெட்கமா... அசிங்கமா இருந்துச்சு."

அந்தச் சொல் வந்ததும் தோள் இறங்கியது. உணர்வுக்குப் பெயர் சொன்னால் மூளையில் பயம் போன்ற உணர்வுகளுக்குச் சட்டென்று எதிர்வினை காட்டும் அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு தணிகிறது என்று 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு அந்தத் தோள் போதும்.

'தெரியல' என்று அவன் சொன்னது பொய்யில்லை.

அந்த வீங்கிய நெற்றியும் கண்ணைவிட்டுப் போகவில்லை. அடிபட்டவன் அம்மாவிடம் நாளைக்கு என்ன சொல்வேன்?

இரவு 11 மணி

43-ஆம் பக்கத்தை எழுந்து வாசிக்கச் சொன்னது நான். அவனுக்கு வாசிப்பு திக்கும் என்று ஜூனிலிருந்தே தெரியும்.

செப்டம்பர் 10, காலை

அறிக்கையில் 'காரணம் ஏதுமின்றி' என்று எழுதியிருந்தேன். அடித்தாயிற்று. அந்த இடத்தில்