மூச்சு வாங்குது என்று வருபவர்கள்

கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஈசிஜி எடுப்பதும் ஊதுற டெஸ்ட் எடுப்பதும் என் வேலை. ஊதுற டெஸ்ட் என்றால் ஸ்பைரோமெட்ரி, குழாயில் ஊத வைத்து எவ்வளவு காற்று எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று அளப்பது. சீட்டில் டாக்டர் பிஎஃப்டி (நுரையீரல் சோதனை) என்று எழுதியிருப்பார், வருகிறவர்கள் "ஊதச் சொன்னாங்க" என்று வந்து நிற்பார்கள். ரெண்டு மெஷினும் ஒரே அறையில்தான், இந்தப் பக்கம் கட்டில், அந்தப் பக்கம் நாற்காலி. மூச்சு வாங்குது என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்கு ரெண்டையும் எடுக்கச் சொல்லிவிடுவார்கள். கூட வந்தவர்களுக்குக் கோபம் வரும். "நெஞ்சுக்கு ஒண்ணு, சளிக்கு ஒண்ணுன்னு காசு புடுங்கறீங்களே, எது கெட்டுப்போச்சுன்னு பார்த்தா தெரியாதா?"

நியாயமான கேள்விதான். ஆனால் ஈசிஜியைப் பார்க்காமல் ஊதவிட முடியாது. போன வாரம் மாரடைப்பு வந்தவரை அடிவயிற்றிலிருந்து முழு மூச்சில் ஊத வைத்தால் விபரீதமாகிவிடலாம். அது ஒரு காரணம். இன்னொன்று, எது கெட்டது என்று பார்த்த மாத்திரத்தில் பிரிக்க முடியாதபடிதான் இந்த ரெண்டும் உடம்பில் அமைந்திருக்கின்றன. உடம்பைச் சுற்றிவந்த ரத்தம் முழுக்க இருதயத்தின் வலது பக்கம் வந்து, அங்கிருந்து நுரையீரலுக்குப் போய், ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு இடது பக்கம் திரும்பி, மறுபடி உடம்புக்குப் போகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர். இடது பக்கம் எவ்வளவு அனுப்புகிறதோ கிட்டத்தட்ட அதே அளவை வலது பக்கமும் அனுப்பியாக வேண்டும். வித்தியாசம் அழுத்தத்தில்தான். கையில் பிபி பார்த்தால் 120 காட்டும் ஆளுக்கு நுரையீரல் தமனியில் 25 பக்கம்தான் இருக்கும். அதனால் இருதயத்தின் வலது அறைக்குச் சுவர் மெல்லிசு. பாரம் தூக்கப் பிறந்தது இல்லை அது.

சந்தூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் வந்தார். ரொம்ப நாளாக வீசிங் என்று இன்ஹேலர் அடித்துக்கொண்டிருந்தவர். பகலில் பரவாயில்லை, ராத்திரி படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் இருமிக்கொண்டு எழுந்துவிடுகிறார். இந்த மாதிரி ஆட்களிடம் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று கேட்கச் சொல்லித்தான் பாடத்தில் இருக்கும். எங்கள் ஊரில் பாதிப் பேர் பாயில் கையை மடக்கித் தலைக்கு வைத்துப் படுக்கிறவர்கள், அந்தக் கேள்வியில் ஒன்றும் கிடைக்காது. நான் கேட்பது, "எழுந்து எங்கே போய் உட்காருவீங்க?" அவர், "திண்ணையில காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தா கால் மணி நேரத்துல அடங்கிடும்" என்றார். ஊத வைத்தால் வெளியே வந்த காற்றின் அளவு குறைவு, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி ஊத வைத்தும் ஏறவில்லை. எக்கோ என்கிற இருதய ஸ்கேனில்தான் விஷயம் தெரிந்தது. இருதயத்தின் இடது அறை, தன்னிடம் நிறையும் ரத்தத்தில் 55 சதவீதத்துக்கு மேல் தள்ள வேண்டியது, 30ஐத்தான் தள்ளியது.

கீழ் ஏரியின் மதகு அடைத்துக்கொண்டால் மேலே இருக்கிறவன் வயலில் தண்ணீர் ஏறுகிற கதைதான். இடது பக்கம் வாங்கி அனுப்பாவிட்டால் ரத்தம் நுரையீரலில் தேங்கி, அதன் நீர் நுரையீரலின் குட்டிக் காற்றுப் பைகளான காற்றறைகளைச் சுற்றிக் கசிகிறது, முற்றினால் உள்ளேயே இறங்குகிறது. படுத்தால் காலில் இருந்த நீரும் மேலே வந்து சேரும், உட்கார்ந்தால் இறங்கிவிடும். விசில் சத்தம் ஆஸ்துமா மாதிரியேதான் கேட்கும். அவருக்கு நீர் பிரிய ஊசி போட்டு, ரெண்டு மூன்று தடவை பாத்ரூம் போய்வந்ததும் மூச்சு லேசானது. "ஒண்ணுக்குப் போனா எப்படிங்க இளைப்பு நிக்கும்?" என்று அவர் மகன் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தான்.

இதற்கு நேர் எதிராக, அஞ்செட்டி மலைப்பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா. கால் ரெண்டும் வீங்கி, அழுத்தினால் குழி விழுகிறது. கிட்னியாக இருக்கும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஈசிஜி காகிதம் வெளியே வர வர எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டாம் லீட் என்கிற வரிசையில், இருதயத்தின் மேலறைகள் துடிப்பதைக் காட்டும் பி அலை கூராக, இரண்டரை சின்னக் கட்டத்துக்கு மேல் எழும்பி நின்றது. இருதய மெஷின்தான், ஆனால் அந்தக் கூர் பெரும்பாலும் நுரையீரலைத்தான் காட்டிக்கொடுக்கும். மூக்கில் கிளிப் மாட்டி "ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்" என்று நான் கத்த, வெளியே காத்திருந்தவர்கள் சிரிக்க (தினமும் நடப்பதுதான்), பெரியம்மா நிறுத்தி, "இதுக்கு மேல காத்து வரல சாமி" என்றார். நல்ல நுரையீரல் மொத்தக் காற்றில் முக்கால் பங்கை முதல் ஒரு வினாடியிலேயே வெளியே விட்டுவிடும். அவருக்குப் பாதிகூட வரவில்லை. வரைபடக் கோடு நடுவில் குழிந்து தொங்கியது. சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் நாள்பட அடைத்துக்கொள்ளும் நோய்.

பீடி, சிகரெட் எதையும் தொடாதவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து விறகடுப்பு. கேழ்வரகுக் களி கிண்டுவது தள்ளி நின்று செய்கிற வேலை இல்லை, பானைமேல் குனிந்து துடுப்பைப் போட்டு அழுத்திக் கிண்ட வேண்டும், புகை முழுக்க முகத்துக்குத்தான். வீட்டில் கேஸ் இருக்கிறதாம், டீக்கும் சாம்பாருக்கும் மட்டும்.

கால் வீங்கிய காரணம் சுவாரஸ்யமானது. நுரையீரலில் ஒரு மூலையில் காற்று சரியாகப் போகாவிட்டால் அங்கே போகும் ரத்தக்குழாய் தானே சுருங்கி, ரத்தத்தை நல்ல இடத்துக்குத் திருப்பிவிடும். கெட்டிக்கார ஏற்பாடு. ஆனால் நுரையீரல் முழுக்கவே கெட்டிருந்தால் எல்லாக் குழாயும் சுருங்கும், நுரையீரல் தமனியில் 25 இருந்த அந்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், மெல்லிசான வலது அறை முக்கித் தள்ளித் தடித்து, ஒரு கட்டத்தில் விரிந்து தளர்ந்துவிடும். அப்புறம் ரத்தம் உடம்பில் தேங்கும், முதலில் தெரிவது கால். இவர்களுக்கு ஆக்சிஜன் வைக்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 100 சதவீதத்தைத் தொட வேண்டும் என்று வீட்டார் அடம்பிடிப்பார்கள். 88லிருந்து 92க்குள் நின்றால் போதும், அளவுக்கு மீறினால் கரியமில வாயு ஏறி ஆளே மயங்கிப்போவார்.

கிரானைட் வேலைக்குப் போனவர்கள் தனி ரகம். கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் என்கிற கனிமம், அறுக்கும்போதும் பாலீஷ் போடும்போதும் தூளாகிறது. காற்றறை வரை இறங்குவது 5 மைக்ரானுக்கும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு) சின்னத் தூசி, முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. தூசியை விழுங்கிய செல்கள் செத்து, அந்த இடம் தழும்பாகும், வேலையை விட்ட பிறகும் தழும்பு வளரும். காசநோயும் இவர்களைச் சுலபமாகப் பிடிக்கும் என்பதால் டிபி மாத்திரை முடித்தும் மூச்சு வாங்குகிறது என்று வருவார்கள். இந்தக் கல்தூசி நோய்தான் சிலிகோசிஸ். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இருந்த நோய், அரசுக்கு அறிவித்தாக வேண்டும். கேட்டால் முதலில் "கூலி வேலை" என்றுதான் சொல்வார்கள். என்ன கூலி, எந்தக் கல் என்று நாலு கேள்வி கேட்டால்தான் வெளியே வரும்.

எங்கள் படிவத்தில் தொழில் என்று ஒரு சின்னக் கட்டம், புகைப்பழக்கம் உண்டா இல்லையா என்று இன்னொன்று. பெண்கள் எல்லோருக்கும் "இல்லை" விழும், ஆண்கள் பாதிப் பேருக்குக் "கூலி". இப்போது நான் ஓரத்தில் பேனாவில் எழுதிவிடுகிறேன், விறகடுப்பு இத்தனை வருஷம், கல் பாலீஷ் இத்தனை வருஷம் என்று. படிவத்தை மாற்றச் சொல்லி மேலே கேட்டாயிற்று. பழைய கட்டு தீரட்டும் என்கிறார்கள்.