எதற்காக வந்த தண்ணீர்?

"ஆயிரம் அடி போடச் சொல்லியிருக்கிறேன், தண்ணீர் வராமல் எங்கே போகும்?"

பாலக்கோடு அருகே இன்று காலை புதிய ஆழ்துளைக் கிணற்றைத் திறந்துவைத்த தலைவர் இப்படிச் சொன்னதும் கைதட்டல் எழுந்தது.

முன்வரிசையில் நின்ற சிறுமி ஒருத்தி சிரித்தாள். அவளுடைய முன்பற்களில் குறுக்காகப் பழுப்புக் கோடுகள் ஓடின.

ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே குடிநீரோடு புளோரோசிஸ் (புளோரைடு மிகுந்த நீரால் வரும் பல், எலும்பு நோய்) பாதிப்புக் குறைப்பும் சேர்ந்திருக்கிறது. ஜப்பான் கடனுதவியோடு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட அத்திட்டம் வெறும் தண்ணீர்ப் பற்றாக்குறைக்காக வந்ததன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் புளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டினால் பல்லையும், மிகுதியாகி நெடுங்காலம் உடலில் சேர்ந்தால் எலும்பையும் கெடுக்கும் என்பதால்தான் காவிரியைக் குழாயில் கொண்டுவந்தார்கள். காய்ச்சினாலும் அது போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

இந்தக் காரணத்தை அறியாதவருக்கு, குழாயில் வரத்துக் குறையும் நாளில் ஆழ்துளை நீரை அதே மேல்நிலைத் தொட்டியில் கலந்துவிடுவது சிக்கனமான யோசனையாகத்தான் தோன்றும். அவரிடம் கெட்ட எண்ணம் ஏதுமில்லை (கோடையில் குடத்தோடு நிற்கும் பெண்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே). ஆனால், திட்டத்தின் செலவுக் கணக்கு மனப்பாடமாக இருந்தும் அது எதற்கு என்பது தெரியாமல் போனால், தம் கையாலேயே அதை முறித்துவிடுவார். முறித்ததும் அவருக்குத் தெரியாது.

கூட்டம் கலைந்ததும், நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினீர்களா என்று கேட்டேன்.

"குடிச்சுப் பாருங்க சார், நல்லா இனிப்பா இருக்கு" என்றார், மாலையைச் சுருட்டிக்கொண்டிருந்த கட்சிக்காரர்.