ரிவர்ஸ் கியரில் லம்பாடா

காலையில் எங்கள் தெருவில் ஒரு பழைய ஆம்னி வேன் ரிவர்ஸ் எடுத்தது. பின்னாலிருந்து கீச்சுக் குரலில் லம்பாடா பாட்டு!

1989இல் கயோமா இசைக்குழு ஊர் உலகத்தையே இடுப்பாட்ட வைத்த அதே மெட்டு.

ஆனால் அது அவர்கள் சரக்கே இல்லை. பொலிவியாவின் லோஸ் கார்காஸ் இசைக்குழு 1981இல் பாடியது. 'யோரந்தோ சே ஃபுயே', அதாவது அழுதுகொண்டே போய்விட்டாள். ஆண்டீஸ் மலைக் குழல், நிதானமான தாளம், பிரிவுத் துயரம்.

அப்புறம் பிரேசிலில் பாடகி மார்சியா ஃபெரெய்ரா போர்த்துகீசியத்தில் அதை ஆட்டப் பாட்டாக்கினார். கயோமா கேட்காமலே எடுத்துக்கொண்டது. கார்காஸ் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். 2011இல் ஜெனிஃபர் லோபஸ் பாட்டிலும் இதே மெட்டு, இந்த முறை முறையாகப் பெயர் போட்டு.

வேன் சுவரோரம் நின்றது. பாட்டும் பாதியில் நின்றது.

பாவம், அழுதவள் இன்னும் போய்ச் சேரவில்லை.